நாற்பத்தேழாம் மரத்துக் கூடு

ஃபிரிட்ஜ் வாங்க வைத்திருந்த பணத்தில் சித்ரலேகா டீச்சர் லென்ஸ் வாங்கப் போகிறாள் என்ற செய்தி பாளையங்கோட்டையில் அவர்கள் தெருவில் பரவியபோது, பாதிப் பேர் அதை மூக்குக்கண்ணாடி என்றே நினைத்துக்கொண்டார்கள். எதிர்வீட்டம்மா உண்மையான கவலையோடு வந்து, "ஏன் டீச்சர், கண்ணு அவ்வளவு மோசமாவா ஆயிட்டு?" என்று விசாரித்துவிட்டுப் போனாள். தபாலாபீஸில் வேலை பார்க்கும் டீச்சரின் கணவன் மகேஸ்வரனுக்கு அது என்ன லென்ஸ் என்று நன்றாகவே தெரியும். தெரிந்ததால்தான் அவனுக்குக் கூடுதல் வருத்தம்.

"ஏட்டி, குளுந்த தண்ணி குடிக்கலாம்னு வருசக்கணக்கா நாக்கைத் தொங்கப் போட்டுக்கிட்டு இருக்கேன். நீ என்னடான்னா நாரையைப் போட்டோ புடிக்கணும்ங்கே."

"பானைத் தண்ணியக் குடிங்க. உடம்புக்கு நல்லது."

பேச்சு இப்படி விளையாட்டாகப் போனாலும் விஷயம் விளையாட்டில்லை. ஸ்ரீவைகுண்டம் போகும் வழியில் பூவுடையார்குளம் என்றொரு குளம் இருக்கிறது. அணைக்கட்டிலிருந்து வரும் கால்வாய்த் தண்ணீர் அதில் வந்து விழும். குளத்துக்குள்ளேயே கருவேல மரங்கள். விறகுக்காக என்றோ நட்டு, இப்போது நெடுநெடுவென்று வளர்ந்துவிட்டவை. விலங்கியல் பாடம் எடுக்கிற சித்ரலேகா ஒரு தடவை பிள்ளைகளை அங்கே கூட்டிக்கொண்டு போனாள். பிள்ளைகள் முறுக்கைத் தின்றுவிட்டு அன்றைக்கே எல்லாவற்றையும் மறந்துவிட்டார்கள். டீச்சர்தான் மாட்டிக்கொண்டாள். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை வந்தால் அவளை வீட்டில் பார்க்க முடியாது.

அந்த வருஷம் ஐப்பசி மழை வெளுத்து வாங்கியிருந்தது. தை பிறந்ததும் மஞ்சள் மூக்கு நாரைகள் வந்து, அந்தக் குளத்தில் முதல் முறையாகக் கூடு கட்டின. கட்டையால் கட்டிய பரண் மாதிரி ஒவ்வொரு மரத்திலும் நாலைந்து கூடுகள். மாசி பிறந்தபோது கூடுகளுக்குள்ளிருந்து குஞ்சுகள் கத்த ஆரம்பித்துவிட்டன. நல்லது நடந்தால் கூடவே வில்லங்கமும் வந்து நிற்கும் அல்லவா? அதே மாசியில்தான் குளத்து மரங்களை ஏலம் விடப் போவதாகத் தண்டோரா போட்டார்கள். மரத்தை வெட்டினால் குஞ்சுகள் தண்ணீரில்தான் விழும். பறக்கத் தெரியாத குஞ்சு தண்ணீரில் விழுந்தால் என்ன ஆகும் என்று நினைத்து அவள் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

ஏலம் விடுகிற அதிகாரியைப் போய்ப் பார்த்தாள். மனுஷர் கெட்டவரில்லை. உட்காரச் சொன்னார், காப்பி வரவழைத்தார்.

"டீச்சர், எங்க ஆளுக புரட்டாசியில போய்ப் பாத்தாங்க. குளம் வறண்டு கெடந்துது. கூடு ஒண்ணும் இல்லைன்னு எழுதிட்டாங்க. மேல இருந்து உத்தரவும் வந்துட்டு."

"இப்போ இருக்கு சார். ஒரு எட்டு வந்து பாருங்க."

"எனக்கு இருக்கது ஒரு ஜீப்பு. அதும் வள்ளியூர்ல பட்டறையில கெடக்கு. நான் வந்து பாத்தாலும் மேல உள்ளவங்க என் வாய்வார்த்தையை நம்ப மாட்டாங்க. கூட்டுக்குள்ள குஞ்சு இருக்குன்னு காட்டுத மாதிரி ஒரு போட்டோ கொண்டாங்க. ஒரே ஒரு மரம் போதும். மொத்த ஏலத்தையும் தள்ளிப் போட நானாச்சு."

அவளிடம் கேமரா இருந்தது. மஸ்கட்டில் இருக்கும் தம்பி கொண்டுவந்து கொடுத்தது. அதிலிருந்த சின்ன லென்ஸில் கரையிலிருந்து எடுத்தால், நாரை வெள்ளை மையால் வைத்த புள்ளியாகத்தான் விழுந்தது. அப்படித்தான் ஃபிரிட்ஜுக்கு ஆபத்து வந்தது.

மேலப்பாளையத்தில் உமர் பாரூக் கேமரா ரிப்பேர் கடை வைத்திருந்தார். வளைகுடாவிலிருந்து வருகிறவர்கள் கைச்செலவுக்கு விற்றுவிட்டுப் போகிற சாமான்கள் அவர் கடையில் மலிவாகக் கிடைக்கும். அவர் மேஜையில் ஒரு துண்டை விரித்து மூன்று லென்ஸ்களை எடுத்து வைத்தார்.

"டீச்சர், இது ரஷ்யாக்காரன் செஞ்சது. முந்நூறு எம்.எம். இந்த நம்பரு கூடக் கூடத் தூரத்துல இருக்கது கிட்ட வரும். படம் நல்லா விழும், ஆனா கனம். கையில வச்சுக்கிட்டு நின்னியன்னா தோள் கழண்டுரும்."

அவள் தூக்கிப் பார்த்தாள். அம்மிக்குழவியை நீட்டிப் பிடித்த மாதிரி இருந்தது. கீழே வைத்துவிட்டாள்.

"இது ஐந்நூறு. உள்ளார மொகம் பாக்குத கண்ணாடி மாதிரி வச்சிருக்கான், அதான் இம்புட்டுக் குட்டையா இருக்கு. தூரத்துல இருக்கதை அப்படியே மடியில கொண்டாந்து போட்டுரும். ஆனா வெளிச்சம் நல்லா வேணும், ஸ்டாண்டு இல்லாம எடுக்கப்படாது. தண்ணி மினுங்குச்சுன்னா படத்துல வளையம் வளையமா விழும்."

"மூணாவது?"

"அது எரநூறு. யாரும் சீந்துததில்லை. ஆனா சுத்தமான கண்ணாடி. கையில வச்சே எடுக்கலாம். நீங்க கொளத்துக்கரையில இருந்து எடுக்கதுக்கு இதுவே போதும்னு என் மனசுக்குப் படுது."

ஐந்நூறைக் கையில் எடுத்த பிறகு இருநூறு யார் கண்ணுக்குத் தெரியும்? நகைக்கடையில் ஆரத்தைக் கழுத்தில் வைத்துப் பார்த்தவளிடம் சங்கிலியைக் காட்டுகிற கதைதான். ஐந்நூறை மாட்டிக்கொண்டு கடை வாசலிலிருந்து பார்த்தாள். தெருக்கோடியில் வெற்றிலை மடிக்கிற கிழவரின் நகத்துச் சுண்ணாம்பு தெரிந்தது. அவ்வளவுதான், டீச்சர் விழுந்துவிட்டாள்.

"இதையே எடுத்துக்கிடுதேன் பாய்."

"எடுத்துட்டுப் போங்க. படம் கழுவிப் பாத்து மனசுக்குப் பிடிக்கலைன்னா கொண்டாங்க, மாத்திக்கிடலாம்," என்றார் உமர் பாரூக். அது அவர் கடை வழக்கம். லென்ஸையும் மாப்பிள்ளையையும் ஒருநாளில் தெரிந்துகொள்ள முடியாது என்று அவர் சொல்லுவார்.

மறுநாள் சனிக்கிழமை, பள்ளிக்கு லீவு. விடிந்ததும் குளத்துக்கரையில் ஸ்டாண்டை ஊன்றினாள். குளத்து மடையைத் திறந்து அடைக்கிற மாடக்கண்ணு, மண்வெட்டியைத் தோளில் போட்டபடி பக்கத்தில் வந்து நின்றார்.

"இதென்ன டீச்சரம்மா, போணிச்சட்டி மாதிரி இருக்கு?"

"லென்ஸ் அண்ணாச்சி. பாக்குதியளா?"

அவர் ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். அப்புறம் வாயையும் மூடவில்லை, கேமராவையும் விடவில்லை. "யம்மாடி! குஞ்சு தொண்டைக்குள்ள மீனு போவுது!" என்றார். பறவை தங்குகிற குளத்துத் தண்ணீர் பாய்கிற வயலுக்குத் தனியாக உரம் வேண்டாம் என்று அந்த ஊரில் ஒரு எண்ணம் உண்டு. அதனால் ஊரே நாரைகள் பக்கம்தான். ஊர்ப் பேச்சு அலுவலகத்தில் எடுபடவில்லை, அவ்வளவுதான்.

காற்றில் ஸ்டாண்டு ஆடியது. பாதி ஃபிலிம் வீண். வெயில் ஏறியதும் காற்று அடங்கிற்று. தாய் நாரை சிறகு இரண்டையும் குடை மாதிரி விரித்துக் குஞ்சுகளுக்கு நிழல் கொடுத்துக்கொண்டு நின்றது.

ஒரேயொரு இடைஞ்சல். புரட்டாசியில் வந்தவர்கள் ஒவ்வொரு அடிமரத்திலும் வெள்ளைப் பெயின்டால் எண் போட்டிருந்தார்கள், வெட்டுவதற்கு அடையாளமாக. தண்ணீர் வயலுக்குப் போய் மட்டம் இறங்கியதால் எண்கள் இப்போது பளிச்சென்று தெரிந்தன. அவற்றைப் பார்த்தாலே அவள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அதனால் எண் கண்ணில் பட்ட ஒவ்வொரு தடவையும் லென்ஸைக் கொஞ்சம் மேலே தூக்கிவிட்டுத்தான் பட்டனை அழுத்தினாள்.

படம் கழுவி வந்தபோது மகேஸ்வரனே அசந்துவிட்டான். ஃபிரிட்ஜைப் பற்றி அன்று முழுக்க அவன் வாய் திறக்கவில்லை. மூன்று குஞ்சுகள், திறந்த வாய்கள், மேலே சிறகுக் குடை, பின்னால் தண்ணீர் மினுக்கம் வெள்ளி வளையங்களாக.

வெள்ளிக்கிழமை அரைநாள் லீவு போட்டு, அந்தப் படத்தைப் பெரிதாக்கி எடுத்துக்கொண்டு அதிகாரியிடம் போனாள். ஏலம் வரும் திங்கட்கிழமை. அவர் படத்தைக் கையில் வாங்கி, கண்ணாடியைக் கழற்றி மாட்டி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"அருமையான படம் டீச்சர். காலண்டருக்குப் போடலாம்."

"அப்போ ஏலம்?"

அவர் படத்தை மேஜையில் வைத்தார். "இது எந்த ஊருக் குளம்?"

"பூவுடையார்குளம் சார்!"

"நீங்க சொல்லுதிய, நான் நம்புதேன். படம் சொல்லுதா? வேடந்தாங்கல்ல எடுத்ததுன்னு மேல உள்ளவங்க சொன்னா நான் எதைக் காட்ட?"

அவள் படத்தைப் பார்த்தாள். கூடு இருந்தது, குஞ்சு இருந்தது. கரை இல்லை, மடை இல்லை, ஊர் இல்லை. ஐந்நூறு லென்ஸ் நாரையை மட்டும் மடியில் கொண்டுவந்து போட்டுவிட்டுக் குளத்தைக் குளத்திலேயே விட்டுவிட்டு வந்திருந்தது. கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. அதிகாரியின் முன்னால் அழக்கூடாது என்று வெளியே வந்து, வேப்பமரத்தடியில் நின்று அழுதாள். அழுது மூக்கைச் சிந்தி நிமிர்ந்தபோது, அந்த வேப்பமரத்திலும் யாரோ வெள்ளைப் பெயின்டால் ஒரு எண்ணை எழுதி வைத்திருப்பதைக் கண்டாள்.

அவள் அங்கேயே பஸ் பிடித்து மேலப்பாளையம் போனாள். ஜும்ஆ நேரம், கடை பூட்டியிருந்தது. வாசல்படியில் உட்கார்ந்து காத்திருந்தாள். உமர் பாரூக் தொழுகை முடித்துத் தொப்பியோடு வந்தார்.

"பாய், அந்த எரநூறைக் கொடுங்க. கூடும் வேணும், நம்பரு போட்ட அடிமரமும் வேணும். ரெண்டும் ஒரே படத்துல வேணும்."

வேறு யாராக இருந்தாலும் 'நான் அப்பவே சொன்னேனே' என்று ஒரு பாட்டம் பாடியிருப்பார்கள். அவர் ஐந்நூறை வாங்கி உள்ளே வைத்துவிட்டு இருநூறைத் துடைத்துக் கொடுத்தார். "கறுப்பு வெள்ளை ஃபிலிம் போட்டுக்கோங்க. ஞாயித்துக்கெழமை லேபு திறக்க மாட்டான். எங்கிட்ட கொண்டாங்க, நானே கழுவித் தாரேன்," என்றார்.

ஞாயிறு காலை மகேஸ்வரனும் கூடவே வந்தான். தண்ணீர்க் கூஜாவைத் தூக்க ஆள் வேண்டுமல்லவா என்று அதற்கு ஒரு காரணமும் சொன்னான். இந்தத் தடவை சித்ரலேகா கூட்டைத் தேடவில்லை. முதலில் எண்ணைத் தேடினாள். நாற்பத்தேழு. கரைக்குப் பக்கத்து மரம், எழுத்து முழுசாகத் தெரிந்தது. எண்ணைச் சட்டத்தின் கீழ் ஓரத்தில் நிறுத்தினாள். மேலே கூடு தானாக வந்து உட்கார்ந்தது. பின்னால் மடையும் ஊர்க்கோயில் உச்சியும்கூட விழுந்தன. தாய் நாரை சிறகை விரிக்கும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். விரித்தது.

மத்தியானம் உமர் பாரூக்கின் இருட்டறையில், சிவப்பு விளக்கடியில், மருந்துத் தட்டில் கிடந்த காகிதத்தை மூவரும் குனிந்து பார்த்தார்கள். கறுப்புதான் முதலில் ஏறும். அடிமரம் பைய வந்தது. அதன் நடுவில் காகிதத்தின் வெள்ளையாகவே நின்றுவிட்ட எண் வந்தது. அதற்குப் பிறகு கிளை, கூடு, சிறகு, கடைசியில் மூன்று சின்ன வாய்கள்.

"எல்லாம் வந்துட்டு," என்றான் மகேஸ்வரன், அவனே பெற்ற பிள்ளைகள் மாதிரி.

திங்கட்கிழமை அலுவலகம் திறக்கும்போதே அவள் வாசலில் நின்றாள். அதிகாரி படத்தைப் பார்த்தார். அவர் விரல் கூட்டுக்குப் போகவில்லை, நேராக அடிமரத்துக்குப் போயிற்று.

"இது நம்ம ஆளுக போட்ட நம்பருல்லா!"

"ஆமா சார். உங்க எழுத்துதான்."

அவர் நாற்காலியில் சாய்ந்து சிரித்தார். "இதை எவனும் வேடந்தாங்கல்னு சொல்ல முடியாது," என்று சொல்லிக்கொண்டே டெலிபோனை எடுத்தார். அந்த வருஷம் பூவுடையார்குளத்து ஏலம் நிறுத்தப்பட்டது.

பங்குனி கடைசியில் ஒரு ஞாயிறு. பஸ்ஸை விட்டு இறங்கியதுமே மாடக்கண்ணு மண்வெட்டியோடு எதிரே ஓடி வந்தார். "டீச்சரம்மா, நாப்பத்தேழுல மூத்தது நேத்துப் பறந்துட்டு! நம்ம வீட்டுக் கூரையில உக்காந்து கோழியைப் பயங்காட்டுது!"

ஊரில் இப்போது எல்லோரும் கூடுகளை எண்ணைச் சொல்லித்தான் கூப்பிட்டார்கள். முப்பத்திரண்டில் இன்னும் இரண்டு பாக்கி, அறுபதில் ஒன்றுக்குச் சிறகு முளைக்கிறது என்று டீக்கடையில் பேச்சு. எண்ணைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொண்ட சித்ரலேகாவுக்கு, சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இரண்டையும் செய்தாள்.

"அடுத்த வருசம் மறுபடி ஏலம்னு வந்தா?" என்று கேட்டார் மாடக்கண்ணு.

அவள் கேமராவைக் கழுத்தில் மாட்டினாள். யாரும் சீந்தாத இருநூறு அதில் இருந்தது.

"நாரையும் வரும், நானும் வருவேன் அண்ணாச்சி. நம்பரை மட்டும் நல்லாப் பெருசா போடச் சொல்லுங்க."