ராவுத்தரின் முழமும் அவுலியாவின் கபுரும்

கெலாங் பாத்தா என்ற ஊரில் துணி விற்ற சிக்கந்தர் ராவுத்தரின் முழம் பேர்போனது. அவர் பத்து முழம் அளந்து கொடுத்தால் கைக்குட்டைக்குக்கூடக் காணாது. 1926-இல் வந்த காய்ச்சலில் அவர் மனைவி பாத்துமுத்துவின் குரல் போய்விட்டது. மூன்று மாதமாக வீட்டில் பேச்சே இல்லை. மனுஷர் பாதியாகிவிட்டார்.

கடலோரத்தில் இறைநேசரான ஓர் அவுலியா அடங்கிய கபுர் உண்டு. அங்கே கையேந்தி துஆ கேட்டபின் கபுரை இருமுறை கையால் முழம் போடுவார்கள். இரண்டாம் தடவை கபுர் நீண்டிருந்தால், அல்லாஹ் துஆவை ஏற்றுக்கொண்டான் என்பது ஊர் நம்பிக்கை.

மனைவியோடு போய், ஸலாம் சொல்லி, அவள் குரலுக்காகக் கையேந்திவிட்டு ராவுத்தர் அளந்தார். பயத்தில் முழம் தாராளமாய் விழுந்தது: ஒன்பது. மறுபடி அளக்கும்போது, எதற்கும் எண்ணிக்கை கூடட்டும் என்று விரல்கள் தாமாகவே மடங்கின.

"மச்சான், அவுலியாகிட்டயுமா முழத்தைக் குறைக்கிறீங்க?" பின்னாலிருந்து பாத்துமுத்துவின் குரல்.

மரத்துக் குரங்குகள்கூட மெல்லுவதை நிறுத்தினவாம். ராவுத்தருக்குத் திரும்பிப் பார்க்கத் தைரியமில்லை.

"நீயே எண்ணு புள்ளே," என்றார்.

விரல்களை முழுசாய் நீட்டி, முதலிலிருந்து அளந்தார். அவள் உரக்க எண்ணினாள். ஒன்பது சொன்னாள், பத்தும் சொன்னாள். கபுர் இன்னும் முடியவில்லை.