கோயில் சாவி வெளிநாடு போன நாள்

விமான நிலையத்துக்கு வழியனுப்ப வேன் நிறைய ஆள் வந்தால் இப்படித்தான். மாலை, போட்டோ, அழுகை, மறுபடியும் போட்டோ. அந்தக் களேபரத்தில் எஸ்டேட் மாரியம்மன் கோயில் சாவியைத் தலைவர் முனியாண்டியிடம் கொடுக்க மறந்துவிட்டு, திருச்சிக்குப் புறப்பட்ட பஞ்சாலை, பாஸ்போர்ட்டில் குடிநுழைவு முத்திரையும் வாங்கி உள்ளே போய்விட்டாள்.

அன்று சாயங்காலம் கொடியேற்றம். அந்தச் சாவி ஒரு பெண் கைக்கு வந்ததே இந்த வருஷம்தான். இனி விடுவார்களா? முனியாண்டி போனிலேயே ஆரம்பித்துவிட்டார்.

"இதுக்குத்தான் பொம்பளைங்க கையில வேணாம்னேன் லா."

பஞ்சாலை விமானக் கம்பெனி கவுன்டருக்கு ஓடினாள். அங்கே இருந்தவள் ரோகினி, லோபாக் ஊர்த் தமிழ்ப் பெண்.

"வெளிய விட முடியாது ஆன்ட்டி. நீங்க இப்ப மலேசியாவுல இல்ல."

கண்ணாடிக்கு அப்பால் செம்பனை மரங்கள் நின்றன. "அது என்னம்மா?"

"அது மலேசியா. நீங்க கெளம்பிட்டீங்க."

"அப்ப சாவிய நீயாவது கொண்டு போய்க் குடு."

"ஒருத்தர் சாமான இன்னொருத்தர் வாங்கக் கூடாது ஆன்ட்டி. சட்டம்."

அந்த நேரம் பார்த்து விமானம் ஆறு மணி நேரம் தாமதம் என்று அறிவித்தார்கள். ரோகினி முகம் மலர்ந்துவிட்டது.

"இப்ப உங்களுக்கு உரிமை வந்துருச்சு. இந்தாங்க, சாப்பாட்டு கூப்பன்."

"வெளிய போற உரிமை?"

"அது இல்ல. நாசி லெமாக் இருக்கு." கொஞ்சம் யோசித்தாள். "பயணத்தையே கேன்சல் பண்ணா, காசையும் திருப்பிக் குடுத்து வெளிய கூட்டிட்டுப் போவாங்க."

திருச்சியில் தங்கச்சி மகள் கல்யாணம். பெட்டியில் மடிப்புக் கலையாத பட்டுச்சேலை. பஞ்சாலைக்கு வயிறு எரிந்தது. ஆனாலும் உரிமை உரிமைதானே, தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக்கைத் தின்றுவிட்டுத்தான் கேன்சல் செய்தாள்.

திரும்பும் வழியில் குடிநுழைவு அதிகாரி எங்கிருந்து வருகிறாய் என்று மலாயில் கேட்டார். பின்னால் இருக்கும் நாற்காலியிலிருந்து என்றாள். அவர் சிரிக்காமல் முத்திரையை ரத்து செய்து, "செலாமாட் பூலாங்" என்று தாயகத்துக்கு வரவேற்றார்.

வெளியே வேன் கூட்டம் இன்னும் கலையவில்லை. வாடிய அதே மாலையை மறுபடியும் போட்டு, மறுபடியும் போட்டோ எடுத்தார்கள். முனியாண்டி கையை நீட்டினார்.

"குடு பஞ்சால. இனிமே நானே வச்சிக்கிறேன்."

"ஒருத்தர் சாமான இன்னொருத்தர் வாங்கக் கூடாதுண்ணே. சட்டம்."

சாவியை முந்தானையில் இறுக்கி முடிந்துகொண்டு, வேனில் தலைவர் உட்காரும் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.