டாண்டலைத் திட்டாத பிரசங்கம்

மூன்று வாரமாகக் குவிரின் டாண்டல் கண்ணாடி முன் நின்று சிரித்துப் பழகிக்கொண்டிருந்தார். நீடர்மோஸ் நகராட்சியின் துணை மேயர் அவர். தொழில், குளியலறை ஓடு வியாபாரம். ஆகையால் வீட்டில் கண்ணாடிக்கும் பஞ்சமில்லை, எதிரொலிக்கும் பஞ்சமில்லை. கடைசியில் மூன்று சிரிப்புகள் தேறின. சின்னக் குத்தலுக்கு மூக்கால் விடுகிற சிரிப்பு. நடுத்தரமான வசைக்குத் தொடையில் தட்டிக்கொண்டு சிரிப்பது. மானமே கப்பலேறுகிற மாதிரித் திட்டினால், கண்ணைத் துடைத்துக்கொண்டே பீர்க் குவளையை உயர்த்திக் காட்டும் பெரிய சிரிப்பு.

"அந்த மூணாவது வேண்டாம். பல் டாக்டர்கிட்ட வாயத் தொறந்த மாதிரி இருக்கு," என்றாள் மனைவி பர்கி.

"அதுதான்டி முக்கியம்."

"அந்த அளவுக்குத் திட்டு வாங்க நீ என்ன பண்ணிட்ட?"

டாண்டல் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டார்.

விஷயம் விளையாட்டல்ல. நோன்புக் காலத்தின் நடுவே, யோசேப்பர் திருநாளன்று, கோர்பினியனின் விடுதிக் கூடத்தில் பாக் என்ற கடும் பீரின் பீப்பாய் திறக்கப்படும். பழுப்பு அங்கியும் இடுப்புக் கயிறுமாகத் துறவி வேஷம் கட்டிய ஒருவர் மேடையேறி ஊர்ப் பெரிய மனிதர்களைப் பெயர் சொல்லிக் கிழிப்பார். திட்டு வாங்கியவர் சிரிக்க வேண்டும், குவளையைத் தூக்க வேண்டும். முகம் சுளித்தவர் மூன்று வருஷத்துக்கு ஊர் வாயில் மெல்லப்படுவார். ஆனால் அவர் கதியாவது தேவலை. பெயரே வராமல் போனவரை ஊர் ஆளாகவே மதிப்பதில்லை. முப்பது ஆண்டில் பாக் பீர் மேடையில் திட்டு வாங்காத எவரும் நீடர்மோஸில் மேயரானது கிடையாது.

அடுத்த மார்ச்சில் தேர்தல். கட்சி தன் வேட்பாளரைச் செவ்வாய்க்கிழமை முடிவு செய்யப் போகிறது. ஏற்கெனவே மேயராக இருக்கும் இர்ம்கார்டா, அல்லது ஐந்து ஆண்டாக அவர் பின்னால் கத்தரிக்கோல் தட்டோடு நின்று, அவர் வெட்டிப்போட்ட ரிப்பனைச் சுருட்டி வைக்கும் டாண்டலா? விடுதிக்காரர் கோர்பினியன்தான் கட்சிக்கும் தலைவர். அவரைக் கேட்டபோது, "மொதல்ல ஆஃப்ரா என்ன சொல்றான்னு பாப்போம்டா," என்று சொல்லிவிட்டு ஈரத்துணியால் மேசையைத் துடைக்கப் போய்விட்டார்.

ஆஃப்ரா ஊர்த் தபால்காரி. இந்த வருஷத் துறவி அவள்தான்.

திருநாளன்று மதியம் இரண்டு மணிக்கே கூடம் நிரம்பிவிட்டது. டாண்டல் முன் மேசையில், மேடையிலிருந்து பார்த்தால் தப்பிக்க முடியாத இடமாகப் பார்த்து உட்கார்ந்தார். மான்கொம்புப் பொத்தான் வைத்த சாம்பல்நிறச் சட்டை, புதிதாக எண்ணெய் போட்ட தோல் கால்சட்டை. பக்கத்தில் பர்கி. எதிரே தீயணைப்புப் படைத் தலைவன் வீட்டஸ், வண்டி ஓட்டி ஓட்டி இரண்டு ஆள் தோள் வைத்த மனிதன்.

மேயர் இர்ம்கார்ட் மரச் சுத்தியலால் இரண்டே அடியில் பீப்பாய்க்குக் குழாய் இறக்கினார். டாண்டல் கைதட்டினார். தான் அடித்திருந்தால் ஒரே அடி என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டார்.

பிறகு பீர் வந்தது. டிசம்பரிலிருந்து நிலவறைக் குளிரில் ஊறிக் கிடந்த பீர். கல் குவளைக்குள் கருப்பட்டிப் பாகின் நிறம். மேலே இரண்டு விரல் உயரத்துக்குப் பழுப்பு நுரை. முதல் மடக்கு ரொட்டியின் கருகிய ஓரம் போல இறங்கும். இரண்டாவது மடக்கில் இனிப்பு எட்டிப் பார்க்கும். மூன்றாவதில் மார்புக்குள் யாரோ அடுப்பு மூட்டுவார்கள். சாதாரண பீரைக் குடிக்கிற வேகத்தில் இதைக் குடித்தவர்கள் மாலைக்குள் மாமனாரிடம் உண்மை பேசியிருக்கிறார்கள். டாண்டல் நோன்பு தவறாதவர். நோன்பு தொடங்கிய சாம்பல் புதனிலிருந்து இறைச்சி தொடவில்லை, சாக்லேட் தொடவில்லை. திரவம் நோன்பை முறிக்காது என்று அந்தக் காலத்துத் துறவிகள் தீர்ப்பு எழுதிவிட்டுப் போனதால், சாப்பிடாததையெல்லாம் குடித்துச் சரிக்கட்டுவதில் அவருக்கு மனசாட்சி உறுத்தவில்லை. கண்ணை மூடி, முள்ளங்கிச் சீவலைக் கடித்துக்கொண்டு, அரைக் குவளையை நிதானமாக ருசித்தார்.

ஆஃப்ரா மேடையேறினாள். எடுத்த எடுப்பில் மேயர்.

"வண்டிய வாங்கினா வாட்டசாட்டமா,
வாசல வச்சா எலிப் பொந்தாட்டமா;
ஊரு பத்திக்கிட்டா ஒண்ணும் பயமில்ல,
டயரு காத்தப் புடுங்கிட்டு வருவோம் ஆட்டமா."

கூடம் அதிர்ந்தது. புதிய தீயணைப்பு நிலையத்தின் வாசல், புதிய தீயணைப்பு வண்டியைவிடப் பன்னிரண்டு சென்டிமீட்டர் குட்டை. இரண்டு குளிர்காலமாக வீட்டஸின் ஆட்கள் சக்கரங்களில் காற்றை இறக்கி வண்டியை வெளியே உருட்டி, மறுபடி காற்றடித்து, அதற்குப் பிறகுதான் தீயைத் தேடிப் போகிறார்கள். இர்ம்கார்ட் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார், குவளையை உயர்த்தினார். திட்டு வாங்கியவருக்கு வழக்கப்படி தளிர்க் கொத்து செருகிய புதுக் குவளை வந்தது. நல்ல சிரிப்பு என்று டாண்டலே ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. பழகியிருப்பாள்.

அடுத்து ரொட்டிக் கடைக்காரர். அடுத்து பாதிரியார், பாவமன்னிப்புக் கூண்டில் தூங்கியதற்காக. ஒவ்வொரு முறை ஆஃப்ரா தாளைப் புரட்டும்போதும் டாண்டல் முதுகை நிமிர்த்தி உதட்டைத் தயாராக வைத்துக்கொண்டார். கால்நடை மருத்துவர். கால்நடை மருத்துவரின் நாய். நாய்க்கும் ஒரு தளிர்க் கொத்து போயிற்று.

"நாயிக்கு கெடச்சிருச்சு," என்றாள் பர்கி.

"முக்கியமானவங்கள கடைசியிலதான் சொல்லுவாங்க."

இரண்டாவது குவளையும் முடிந்து மூன்றாவது வந்தது. அப்போது ஆஃப்ரா குரலைத் தாழ்த்தி, "அடுத்து நம்ம நகராட்சியில ரெண்டாவது நாற்காலி," என்றாள். டாண்டலின் வலது கை தொடைக்கு மேல் தட்டத் தயாராக அந்தரத்தில் நின்றது. தொடர்ந்து எட்டு வரி வந்தது. எட்டும் நாற்காலியைப் பற்றி: அது எப்படிக் கிறீச்சிடுகிறது, கூட்டம் நடக்கும்போது எலி கத்துவதாக நினைத்து இர்ம்கார்ட் எப்படி மேசைமேல் ஏறினார் என்று. நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரைப் பற்றி ஒரு சொல் இல்லை. தளிர்க் கொத்து மறுபடி இர்ம்கார்டுக்கே போனது.

"எல்லாரும் நல்லா இருங்க, நோன்பு நல்லபடியா முடியட்டும்," என்று ஆஃப்ரா அங்கியின் முக்காட்டைக் கழற்றினாள்.

டாண்டல் எழுந்தார். எழுந்தது அவரா, மூன்று குவளை பாக் பீரா என்று பிரித்துச் சொல்வது கஷ்டம்.

"ஏன் ஆஃப்ரா, நான் என்ன செத்தா போயிட்டேன்?"

கூடம் திரும்பிப் பார்த்தது.

"உக்காரு," என்று பர்கி அவர் சட்டை நுனியை இழுத்தாள்.

"உக்கார மாட்டேன். அஞ்சு வருஷமா துணை மேயர். ஒரு நாய்க்கு எட்டு வரி, ஒரு நாற்காலிக்கு எட்டு வரி. எனக்கு அரை வரி கெடையாது. இது என்ன நியாயம்?"

ஆஃப்ரா நிஜமாகவே சங்கடப்பட்டாள். "குவிரின், உன் மேல எனக்கு ஒரு கோபமும் இல்ல. ரெண்டு மாசமா வீடு வீடா லெட்டர் குடுக்கறப்ப கேட்டேன். டாண்டல் பத்தி ஏதாச்சும் இருக்கான்னு. எல்லாரும் நல்லா யோசிச்சாங்க. யாருக்கும் ஒண்ணும் தோணல."

"ஒண்ணுமா?"

"உன் பொண்டாட்டிகிட்டயும் கேட்டேன்."

டாண்டல் திரும்பினார். பர்கி முள்ளங்கியை எண்ணிக்கொண்டிருந்தாள்.

இதைவிட ஒரு மனிதனை அவமானப்படுத்த முடியுமா? திட்டியிருந்தால் பொறுத்துக்கொண்டிருப்பார். திட்டுவதற்கு ஏதும் இல்லை என்கிறார்களே, அதை எந்த மானஸ்தன் பொறுப்பான்?

"கல்லறைத் தோட்டத்துல பெஞ்சச் சுவரப் பாத்துப் போட்டது யாரு?" என்று டாண்டல் கத்தினார். "நான்தான்."

"அது தோட்டக்காரன்," என்றது பின்வரிசை.

"ஆஸ்பத்திரிக்கு வழின்னு அம்புக்குறி போட்டு எல்லாரையும் கோழிப் பண்ணைக்கு அனுப்புனது?"

"அது எங்கப்பா," என்று ஒரு பெண் பெருமையாகச் சொன்னாள்.

டாண்டல் சுற்றிலும் பார்த்தார். ஊரில் செய்யப்பட்ட முட்டாள்தனம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளர் இருந்தார். ஒவ்வொருவரும் தம் பங்கை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். டாண்டல் மேசைமேல் அடித்தார்.

"சரி. அந்தக் கதவு. தீயணைப்பு நிலையத்துக் கதவு. அது என்னோடது. நான் கையெழுத்துப் போட்டது."

இர்ம்கார்ட் குவளையை வைத்துவிட்டு எழுந்தார். கோபத்தில் கழுத்து வரை சிவந்திருந்தார். "குவிரின், இது அநியாயம். அந்தக் கதவுக்குத் திட்டு வாங்கினது நானு. ரெண்டு வருஷம் காத்திருந்து வாங்கினேன். வரைபடத்துல ஒப்புதல் குடுத்தது நானு."

"ஒங்க முதுகு வலிக்கு நீங்க வெளியூருக்கு வெந்நீர்க் குளியலுக்குப் போன வாரம் அது. ஆபீஸ்ல நான்தான் இருந்தேன்."

"கையெழுத்துப் போட்டுட்டுத்தான் போனேன்."

"நான்தான் போட்டேன். அளவக்கூடப் பாக்கல."

"நானுந்தான் பாக்கல."

"ஒங்களவிட நான் கம்மியாப் பாத்தேன்."

இர்ம்கார்ட் பதிலுக்கு வாயைத் திறந்தவர், அப்படியே நிறுத்தினார். அடுத்த மார்ச் மாதம் அவர் கண்ணில் ஓடுவதைக் கோர்பினியன் மட்டும் கவனித்தார். மேயர் மெல்ல உட்கார்ந்தார். "இருக்கலாம்," என்றார், குரலில் தேன் வழிய. "அந்த வாரம் நான் ஊர்ல இல்லதான். குவிரின் இவ்வளவு நேர்மையா ஒத்துக்கறப்ப நான் குறுக்க நிக்கறது முறையில்ல."

கூடம் வெடித்துச் சிரித்தது. கோர்பினியனே தளிர் செருகிய குவளையைக் கொண்டுவந்து டாண்டல் முன் வைத்தார். டாண்டல் பெரிய சிரிப்பைத் தொடங்கினார். பாதியில் வீட்டஸ் எழுந்தான். அவன் சிரிக்கவில்லை.

"அப்ப நீயா?"

"நான்தான்," என்றார் டாண்டல் கண்ணைத் துடைத்தபடி.

"ஜனவரில மைனஸ் பதினாலு. பனில மல்லாக்கப் படுத்து வால்வுல காத்து எறக்கினோம். என் கட்டை விரல் இரும்போட ஒட்டிக்கிச்சு. ஹூபர் வீட்டுக் கொட்டகை எரியுது, நாங்க காத்தடிச்சிட்டு இருக்கோம். மேயரம்மா வாராவாரம் வந்து மன்னிப்புக் கேட்டாங்க, சூப்பு குடுத்தாங்க. நீ எங்க போன? திறப்பு விழாவுல வந்து, கதவு லட்சணமா இருக்குன்னு சொன்னியேடா, மடப்பயலே."

இந்த வசை எட்டு வரிக்கு மேல் போனது. எதுகையும் இல்லை, மோனையும் இல்லை. டாண்டலின் குளியலறை ஓட்டுக் கடையில் ஆரம்பித்து அவர் காதுகள் வரை வந்தது. தீயணைப்புப் படையினர் நூற்றிருபது பேரும் அவர்கள் வீட்டாரும் மேசையைத் தட்டி ஆமோதித்தார்கள். டாண்டலுக்குச் சொந்தக் காதையே நம்ப முடியவில்லை. ஊர் முழுக்க அவரைப் பற்றிப் பேசியது. மறுத்திருக்கலாம், அந்த நிமிஷமே. மறுத்தால் அவர் மறுபடி ஆளே இல்லை.

"பன்னெண்டு சென்டிமீட்டர்," என்றார் கம்பீரமாக. "என் காலத்துல."

செவ்வாய்க்கிழமை மாலை அதே கூடத்தில் கட்சிக் கூட்டம். அரை மணியில் முடிந்துவிட்டது. வேட்பாளர் இர்ம்கார்ட். ஒரே கறை இருந்தது, அதையும் வேறொருவர் ஏற்றுக்கொண்டுவிட்டார் என்றார் கோர்பினியன். தீயணைப்புப் படை இவ்வளவு கோபத்தில் இருக்கும்போது டாண்டலை நிறுத்தினால் கட்சி அலுவலகமே பற்றிக்கொண்டாலும் எவனும் வரமாட்டான் என்றும் சொன்னார்.

டாண்டல் எழுந்தார். முகம் வெளுத்திருந்தது, தலை தெளிந்திருந்தது. "அது பொய். அந்த வரைபடத்த நான் கண்ணாலகூடப் பாக்கல. அது இர்ம்கார்ட் கையெழுத்து. கோப்ப எடுத்துப் பாருங்க."

"கோழை," என்றான் வீட்டஸ். "அன்னிக்கு ஆம்பள மாதிரி ஒத்துக்கிட்டான்னு கொஞ்சம் மரியாதை இருந்துச்சு. அதுவும் போச்சு."

"நான் அன்னிக்குக் குடிச்சிருந்தேன்டா."

"அதான் நம்பறோம்," என்றார் கோர்பினியன் பொறுமையாக. "மூணு குவளை பாக் பீர் உள்ள போனப்புறம் நீடர்மோஸ்ல எவனாச்சும் பொய் சொல்லிக் கேட்டிருக்கியா? இப்ப நீ தண்ணியக் குடிச்சிட்டு வந்து மாத்திப் பேசற. எதடா நம்பறது?"

மேசையைச் சுற்றிலும் தலைகள் ஆடின. மறுக்க முடியாத நியாயம். டாண்டலே இருபது வருஷமாக அப்படித்தான் ஆட்களை எடைபோட்டு வந்திருக்கிறார்.

"சரி," என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு, "மூணு குவளை கொண்டு வா. குடிச்சிட்டு இதையே சொல்றேன்."

"பீப்பா நேத்தே காலி. இனி அடுத்த யோசேப்பர் திருநாளுக்குத்தான்." கோர்பினியன் தோளில் துணியைப் போட்டுக்கொண்டார். "லேசான பீர் இருக்கு. வேணுமா?"

லேசான பீரைக் குடித்துவிட்டுச் சொன்னதை நீடர்மோஸில் இதுவரை யாரும் நம்பியதில்லை. டாண்டல் தொப்பியை எடுத்துக்கொண்டு, எவரிடமும் விடைபெறாமல், கதவை அறைந்து சாத்திவிட்டு வெளியேறினார்.

"பாரு," என்றான் வீட்டஸ் உள்ளேயிருந்து. "கதவுன்னாலே அவனுக்கு ஆவறதில்ல."