வீட்டோட மாப்பிள்ளை ஊதிய விசில்

மூன்றாவது ஆட்டத்திலும் வைமோவா பள்ளி தோற்றது. தோற்றதுகூடப் பெரிதில்லை. பாதி ஆட்டம் முடிந்ததுமே எதிரணிக்காரன் தன் பெரிய பையன்களை உட்காரவைத்துவிட்டு, மீசை முளைக்காத பொடியன்களை இறக்கினான். அந்தப் பொடியன்களிடமும் தோற்றார்கள். திரும்பும் வழியெல்லாம் பஸ்காரன் பாட்டுப் போடவில்லை. சாவு வீட்டிலிருந்து வருகிற பஸ்ஸுக்குக்கூட அவன் பாட்டுப் போடுகிறவன்.

திங்கட்கிழமை பள்ளி முதல்வர் சியெனி அம்மா அணியின் கோச் மலாக்கியைக் கூப்பிட்டார். அவர் சுற்றி வளைத்துப் பேசுகிறவர் இல்லை.

"மலாக்கி, ரெண்டு வருஷமா ஒரு ஆட்டம்கூட ஜெயிக்கல. இந்த வருஷம் ஆறுல பாதியாவது ஜெயிச்சாத்தான் அடுத்த வருஷம் அணி இருக்கும். இல்லேன்னா ஹெல்மெட்டு, தோள்கவசம் எல்லாத்தையும் மூட்டை கட்டிக் கிழக்குப் பள்ளிக்குக் குடுத்துடுவேன். நம்ம பசங்க பாட்டுக் கோஷ்டியில பாடட்டும். அதுலயாவது பரிசு வருது."

"மூணு போயிடுச்சேம்மா."

"அப்ப மிச்சம் மூணையும் ஜெயி."

மலாக்கி துறைமுகத்து மீன் ஆலையில் உறைகிடங்கு வேலைக்காரன். விடிவதற்குள் வேலைக்குப் போய், கல்லாக விறைத்த சூரை மீன்களை மத்தியானம் வரை தள்ளுவான். பிறகு பஸ் பிடித்துப் பள்ளி மைதானத்துக்கு வருவான். ஊர் மாலை ஜெபத்துக்குச் சங்கு ஊதும்வரை பையன்களை ஓடவிடுவான். சங்கு ஊதினபின் வெளியே ஒரு ஈ காக்கை நடமாடக் கூடாது. அது ஊர்க் கட்டுப்பாடு.

அவன் ஊரும் இது இல்லை. வேறு தீவிலிருந்து வந்து ரூட்டாவைக் கட்டிக்கொண்டு அவள் வீட்டிலேயே தங்கிவிட்டவன். வீட்டோட மாப்பிள்ளை. வீட்டோட மாப்பிள்ளைக்கு எந்த ஊரில் என்ன மரியாதையோ அதேதான் இங்கேயும். கல்லடுப்பு மூட்டுவான், பன்றி சுடுவான், பாத்திரம் கழுவுவான். ஊர்க்கூட்டத்தில் அவனுக்கு வாய் கிடையாது. அவன் விசில் ஊதினால் கூப்பிட்ட குரலுக்கு இருபத்தைந்து பையன்கள் ஓடி வந்தார்கள் என்றால், அது அந்த மைதானத்தில் மட்டும்தான். அணி போனால் அதுவும் போச்சு. மறுபடி அடுப்படிதான்.

பையன்கள் வலு இல்லாமல் தோற்கவில்லை. மலைச்சரிவிலிருந்து சேப்பங்கிழங்கு மூட்டையைத் தோளில் போட்டு இறக்குகிற பையன்கள். அமெரிக்கக் கால்பந்து என்று பேர்தான், இந்த ஆட்டத்தில் காலுக்கு வேலை கம்மி. தோளும் நெஞ்சும்தான் ஆடும். முன்வரிசைக்காரன் முட்டித் தள்ளி வழி பண்ணுவான். பின்னால் நிற்கிறவன் முட்டை மாதிரி இருக்கிற பந்தை வாங்கிக் கையால் எறிவான், இல்லை ஓடுகிறவனிடம் கொடுப்பான். அந்த எறிகிறவன் குரல் கொடுத்தபிறகுதான் பந்து கிளம்பும். பந்து கிளம்பும் முன் முன்வரிசையில் ஒருத்தன் கண்ணிமைத்தாலும் நடுவர் மஞ்சள் துணியை வீசுவார். ஐந்து கஜம் பின்னால் போக வேண்டும்.

வைமோவா பையன்கள் பின்னால் போய்க்கொண்டே இருந்தார்கள். காரணம் எல்லோருக்கும் தெரியும், யாரும் சொல்ல மாட்டார்கள்.

எறிகிறவன் ரோபாட்டி. ஊர்த்தலைவர் தூலேலேயின் மகன். கை என்றால் அப்படி ஒரு கை. மைதானத்தின் இந்த முனையிலிருந்து எறிந்தால் அந்த முனையில் நிற்கிறவன் மடியில் விழும். ஆனால் குரல் வராது. பெரிய வீட்டுப் பிள்ளை சத்தம் போடக் கூடாது என்று சொல்லி வளர்த்த பிள்ளை. பக்கத்தில் இருப்பவனிடம் உப்பு கேட்கிற மாதிரி அவன் குரல் கொடுப்பான். முன்வரிசையில் ஒருத்தனுக்குக் கேட்கும், நாலு பேருக்குக் கேட்காது. ஒருத்தன் முந்துவான், இன்னொருத்தன் நின்றுகொண்டே அடி வாங்குவான். பின்னாலிருந்து எதிரி பாய்ந்து வந்தாலும் "ரோபாட்டி, பின்னாடி பாருடா" என்று கத்த ஒருத்தனுக்கும் நாக்கு எழாது. எல்லாரும் அந்த வீட்டுக்குக் கிழங்கு சுமக்கிற வீட்டுப் பிள்ளைகள்.

மலாக்கி மட்டும் என்ன வாழ்ந்தான்?

"தம்பி, கொஞ்சம் சத்தமா சொன்னீங்கன்னா நல்லா இருக்கும்" என்பான்.

"சரி கோச்" என்பான் ரோபாட்டி, அதையும் மெதுவாக.

அந்த வாரம் ஊர்க்கூட்டம் நடந்தது. யாரோ ஒருத்தன் தன் பன்றிகளை அடைக்காமல் விட்டு, அவை பாதிரியார் தோட்டத்தைக் கிளறிவிட்ட வழக்கு. மலாக்கி பின்பக்கத்து அடுப்படியிலிருந்து சாப்பாட்டுத் தட்டுகளைச் சுமந்துகொண்டு கூட்ட வீட்டின் ஓரத்தில் காத்து நின்றான். தூலேலே தன் தூணில் சாய்ந்து கண்ணைப் பாதி மூடி உட்கார்ந்திருந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. எழுந்து நின்று கோலை ஊன்றி முழங்கியவர் அவருடைய பேச்சாளர் அலிமாவு. திட்டினார், வேடிக்கை சொன்னார், முன்னோர்களை இழுத்தார். நடுவே தூலேலே கன்னத்தைச் சொறிந்தார். அலிமாவு உடனே தீர்ப்பைச் சொல்லிவிட்டார். பத்துப் பெட்டி மீன் டின்.

தலைவன் பேசுவதில்லை. தலைவனுக்காகப் பேச ஆள் இருக்கிறது. அந்த ஆள் யாரையும் எதுவும் சொல்லலாம், ஒருத்தனுக்கும் கோபம் வராது. இத்தனை வருஷமாகத் தட்டைத் தூக்கிக்கொண்டு இதைத்தானே பார்த்துக்கொண்டிருந்தோம் என்று மலாக்கிக்குத் தன்மேலேயே எரிச்சல் வந்தது.

முன்வரிசை நடுவில் குனிந்து நின்று, காலிடுக்கு வழியாகப் பந்தைப் பின்னால் தள்ளுகிறவன் கொலோனே. அலிமாவுவின் மகன். அப்பன் வாய் அப்படியே பிள்ளைக்கு. ஜெபத்தில்கூடப் பேசுகிறவன்.

மறுநாள் மலாக்கி எல்லோரையும் நிறுத்திச் சொன்னான். "இனிமே தம்பி குரல் குடுக்க வேண்டாம். தம்பி குதிகாலை லேசாத் தூக்குவார். கொலோனே குனிஞ்சு காலிடுக்குல பார்ப்பான். பார்த்துட்டு அவன்தான் கத்துவான். யார் எங்க நிக்கணும், எவன் தூங்கறான், பின்னாடி எவன் வரான், எல்லாத்தையும் கொலோனே சொல்லுவான். அவன் சொல்றது அவன் சொல்றதில்ல. தம்பி சொல்றது."

பையன்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். முதல்முறையாக ஒருத்தன் சிரித்தான். புரிந்துவிட்டது.

"கோச், நான் கத்தினா மலையில தொங்கற வௌவாலெல்லாம் கிளம்பிடும்" என்றான் கொலோனே.

"கிளம்பட்டும்."

ரோபாட்டி குதிகாலைத் தூக்கினான். கொலோனே கத்தினான். முன்வரிசை மொத்தமும் ஒரே சுவர் மாதிரி முன்னால் போனது. எதிரே மாதிரிக்கு நின்ற பையன்கள் சேற்றில் மல்லாந்தார்கள். ரோபாட்டி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான்.

சங்கு ஊதுவதற்குள் செய்தி ஊரைச் சுற்றிவிட்டது. ரூட்டா வாசலிலேயே நின்றாள்.

"யோவ், தலைவர் மகன் வாயை அடைச்சிட்டியாமே. ஆலையில மீன் தலையை வெட்டுறாங்க, நீ வீட்டுக்கு வந்து உன் தலையை வெட்டிக்கிறியா? உன்னைப் படகு ஏத்தி அனுப்பச் சொன்னா எங்க அண்ணனுங்க ஒரு வார்த்தை மறுக்க மாட்டானுங்க, தெரியுமில்ல?"

தெரியும்.

மறுநாள் அலிமாவுவே அடுப்படிக்கு வந்தார். மலாக்கி தேங்காய் துருவிக்கொண்டிருந்தான். எழுந்திருக்கப் போனவனைக் கையமர்த்தினார்.

"ஐயா ஒண்ணு கேக்கச் சொன்னார். அவர் மகன் பேசறதை ஏன் நிறுத்தினே?"

"நிறுத்தலீங்க. அவருக்குப் பேச ஆள் வெச்சேன். உங்க மகனை."

அலிமாவு தேங்காய்த் துருவலில் ஒரு சிட்டிகை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார்.

"அவன் வாய்க்கும் ஒரு வேலை கிடைச்சிடுச்சா? அவங்கம்மா ஞாயித்துக்கிழமை உனக்குன்னு தனியா ஜெபம் பண்ணுவா."

தலைவர் என்ன சொன்னார் என்று ரூட்டா ஆள் விட்டு விசாரித்தாள். கன்னத்தைச் சொறிந்தாராம்.

நாலாவது ஆட்டத்தில் மஞ்சள் துணி வைமோவா பக்கம் பறக்கவே இல்லை. கொலோனே முன்வரிசையை மட்டும் விரட்டவில்லை, எதிரணியையும் விரட்டினான். "உன் அத்தை எங்க ஊர்லதான் வாக்கப்பட்டிருக்கா, பார்த்து விழு" என்று ஒருத்தனிடம் சொல்லி அவனைச் சிரிக்கவைத்துச் சாய்த்தான். வைமோவா ஜெயித்தது. பையன்களுக்கு ஜெயித்தால் என்ன செய்வது என்றே தெரியவில்லை. மைதானத்து நடுவில் மந்தை மாதிரி நின்றார்கள். ஐந்தாவதையும் ஜெயித்தார்கள். பஸ்காரன் பாட்டைப் போட்டான், காது கிழிகிற மாதிரி. வழியில் ஒவ்வொரு ஊரிலும் வேகத்தைக் குறைத்து ஹார்ன் அடித்தான்.

ஆறாவது ஆட்டம் மேற்குப் பள்ளியோடு. போன வருஷத்துக் கோப்பை அவர்களுடையது. ஊரே வந்திருந்தது. தூலேலே வழக்கமாக வருகிறவர் இல்லை. அன்றைக்கு வந்து, ஒருத்தன் பிடித்த குடைக்குக் கீழே உட்கார்ந்திருந்தார். மழை என்றால் மலை இறங்கி வருகிற மழை. மேற்குப் பள்ளிக்காரர்களுக்கு வைமோவாவின் சங்கதி தெரிந்திருந்தது. கொலோனே வாயைத் திறந்தபோதெல்லாம் அவர்கள் கூட்டம் பிஸ்கட் டின்னைத் தட்டியது. அவன் அதற்கும் மேலே கத்தினான். கடைசிக் கட்டத்தில் அவன் தொண்டை கரகரவென்று தவளை மாதிரி ஆகிவிட்டது.

நாலு புள்ளி பின்தங்கியிருந்தார்கள். எல்லைக்கோட்டுக்கு அப்பால் பந்தைக் கொண்டுபோனால் ஆறு புள்ளி. மிச்சம் இருந்தது ஒரே ஒரு தடவை.

கொலோனே கத்தினான். பந்து பின்னால் போனது. அடுத்த நொடி இரண்டு பேர் அவன்மேல் விழுந்தார்கள். அவன் சேற்றுக்குள் போய்விட்டான். ரோபாட்டி பந்தோடு பின்வாங்கி வலது பக்கம் பார்த்தான். அங்கே பந்தை வாங்க வேண்டியவன் வழுக்கி விழுந்து கிடந்தான். இடது மூலையில், எல்லைக்கோட்டுப் பக்கத்தில், ஈலி தனியாக நின்றான். அணியிலேயே சின்னவன், அவனைக் காக்க வேண்டியவர்கள் அவனை மறந்தேபோயிருந்தார்கள். ஈலி கையைத் தூக்கினான். வாயைத் திறக்கவில்லை. அவன் அப்பா தூலேலே வீட்டுப் படகை ஓட்டுகிறவர். ரோபாட்டியின் முதுகுக்குப் பின்னால் மூன்று பேர் பாய்ந்து வந்தார்கள்.

உறைகிடங்கில் இயந்திரச் சத்தத்துக்கு மேலே கத்திப் பழகிய தொண்டை மலாக்கியுடையது. அது அவனைக் கேட்டுக்கொண்டு திறக்கவில்லை.

"டேய் ரோபாட்டி! இடது பக்கம் பாருடா, பன்னி! எறிடா!"

பிஸ்கட் டின்கள்கூட ஒரு கணம் நின்றுபோயின. ரோபாட்டி சடாரென்று திரும்பினான். மூன்று பேரும் அவனைத் தொடுவதற்கும் பந்து அவன் கையைவிட்டுப் போவதற்கும் சரியாக இருந்தது. பந்து மழையைக் கிழித்துக்கொண்டு தாழ்வாகப் போனது. ஈலி அதை மார்போடு கட்டிப்பிடித்து, கோட்டுக்கு அந்தப் பக்கம் குப்புற விழுந்தான். எழுந்தபோது முகம் முழுக்கச் சேறு, பந்து கையில்.

நடுவர் இரண்டு கையையும் உயர்த்தினார்.

அதற்குப்பின் எழுந்த சத்தத்தில் மழைச் சத்தம் கேட்கவில்லை. கிழவர்கள் ஆடினார்கள். சியெனி அம்மா செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டுச் சேற்றில் ஓடி வந்தார். கொலோனேயைத் தூக்கி நிறுத்தினால், பேச வாயைத் திறக்கிறான், காற்றுத்தான் வருகிறது. அவன் வாழ்க்கையில் அவன் பேசாமல் நின்றது அன்றைக்குத்தான்.

மலாக்கி மட்டும் விறைத்துப்போய் நின்றான். ரூட்டா முகத்தை மூடிக்கொண்டிருந்தாள். கொஞ்சம் கொஞ்சமாக ஊர்க்காரர்களுக்கும் ஞாபகம் வந்தது. ஆட்டம் அடங்கியது. எல்லோரும் குடையைப் பார்த்தார்கள்.

குடைக்குக் கீழிருந்து அலிமாவு எழுந்தார். கோலை ஊன்றி, மழையில் நனைந்தபடி, அவசரமே இல்லாமல் மைதானத்துக்குள் இறங்கி வந்தார்.

"மலாக்கி. ஊர்த்தலைவர் மகனைப் பன்னின்னு சொன்னியா?"

"சொன்னேங்க."

"எங்க வெச்சு?"

"எல்லாரும் கேக்கற இடத்துல."

"எதுக்கு?"

"அவர் திரும்பலீங்க."

அலிமாவு திரும்பிக் குடையைப் பார்த்தார். குடைக்குக் கீழே ஒரு கை மெதுவாக எழுந்து கன்னத்துக்குப் போனது.

"பன்னின்னு சொன்னதுக்கு அபராதம் ஒரு பன்னி!" என்று அலிமாவு முழங்கினார். "பெருசா! நாளைக்கே! பசங்களுக்கும் ஊருக்கும் சமைச்சுப் போடணும். சமைக்கறவன் நீயே."

ஊர் சிரித்த சிரிப்பு மேற்குப் பள்ளிக்காரர்களுக்கு விளங்கவில்லை. அலிமாவு கிட்டே வந்து குரலைத் தாழ்த்தினார்.

"ஐயா இன்னொண்ணும் சொன்னார். அவர் கூப்பிட்டே அந்தப் பய இவ்வளவு சீக்கிரம் திரும்பினதில்லையாம். நீ அடிக்கடி கூப்பிடணுமாம்."

"கன்னத்தைச் சொறிஞ்சதுக்கா இவ்வளவு அர்த்தம்?"

"பின்னே, என் வேலைன்னா சும்மாவா?"

கோப்பை அந்த வருஷம் வரவில்லை. மூன்று தோற்றவனுக்கு யார் கோப்பை கொடுப்பார்கள்? அது அடுத்த வருஷம் வந்தது, அதற்கடுத்த வருஷமும் வந்தது. அதன்பின் எந்த எதிரணிக்காரனும் தன் பெரிய பையன்களை உட்காரவைக்கவில்லை. ஆனால் அணி எப்போது ஜெயித்தது என்று மலாக்கியைக் கேட்டால் மழை கொட்டிய அந்தச் சனிக்கிழமையைத்தான் சொல்வான்.

பன்றி ரூட்டாவின் அண்ணன் கொட்டிலிலிருந்து வந்தது. அவன் முணுமுணுக்காமல் அவிழ்த்துக் கொடுத்தான். கொட்டிலிலேயே பெரியதாகப் பார்த்துக் கொடுத்தான். மலாக்கி விடிகாலையிலேயே கல்லடுப்பைப் பற்றவைத்துவிட்டான். சியெனி அம்மா வந்து புகைக்கு வெளியே நின்று சலித்துக்கொண்டார்.

"காலையிலேர்ந்து என் வீட்டு வாசல்ல பசங்க. எல்லாருக்கும் அணியில சேரணுமாம். அவ்வளவு ஹெல்மெட்டுக்கு நான் எங்க போவேன்?"

"கிழக்குப் பள்ளியில கேளுங்கம்மா. பாட்டுக் கோஷ்டி ஆரம்பிக்கறாங்களான்னு."

அவர் சிரிப்பை அடக்க முடியாமல் போனார்.

கல் சிவந்து வந்தபோது அடுப்படி வாசலில் ரோபாட்டி நின்றான். பெரிய வீட்டுப் பிள்ளை அடுப்படிக்குள் கால் வைத்ததை அந்த ஊர் பார்த்ததில்லை. புகையில் அவன் கண்ணில் தண்ணீர் கொட்டியது. உள்ளே வந்து, சிவந்த கல்லை எடுக்கக் குனிந்தான்.

"டேய், டேய்! கையால எடுக்காதடா. அந்தக் கொம்பை எடு. கை வெந்துச்சுன்னா அடுத்த வருஷம் எவன்டா எறிவான்?"

"நான் எறிவேன்" என்று மூலையிலிருந்து கொலோனே சொன்னான். தொண்டை பாதிதான் திரும்பியிருந்தது.

"நீ இலையைக் கழுவு."

"கோச்" என்று ஆரம்பித்து ரோபாட்டி மெதுவாக ஏதோ கேட்டான்.

"என்னடா?"

"கொம்பு எங்கன்னு கேட்டேன்!" முழுக் குரலில் கத்தினான். அடுப்படிக்கு வெளியே தட்டு அடுக்கிக்கொண்டிருந்த ரூட்டா திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தாள்.

மலாக்கி காலால் கொம்பை அவன் பக்கம் தள்ளினான். இரண்டு பேரும் குனிந்து கல்லைப் புரட்டினார்கள்.