சும்மா இருக்கும் குழு

ஆர்வோ ஹுட்டுனன் கிழக்குப் பின்லாந்தில் ஒரு காகித ஆலையில் முப்பத்தெட்டு வருடம் கிரேன் ஓட்டியவர். ஓய்வு பெற்ற அன்று சோபாவில் சாய்ந்தார். அதற்கப்புறம் சாப்பாட்டுக்கும் சவுனா என்கிற நீராவிக் குளியலுக்கும்தான் எழுந்தார். மனைவி ஹில்க்கா மூன்று வருடம் பொறுத்துப் பார்த்தார். மூளை நலம் பற்றி ஓர் ஆய்வு நடக்கிறது, அறுபதைத் தாண்டியவர்கள் தேவை என்று செய்தித்தாளில் பார்த்ததும் இரண்டு பேர் பெயரையும் எழுதிப் போட்டுவிட்டார். அந்தச் சாக்கிலாவது மனிதர் எழுந்து நடமாடட்டும் என்ற ஆசைதான்.

யாருக்கு எந்தக் குழு என்ற குலுக்கலில் எல்லாம் தலைகீழாகிவிட்டது. ஹில்க்காவுக்குக் கிடைத்தது பயிற்சிக் குழு. தினமும் நடை, வாரம் இரண்டு நாள் மீன், கைநிறைய பெர்ரிப் பழம், புதிதாக ஒரு மொழி, செவ்வாய்க்கிழமைகளில் தாங்கோ நடனம், நேரத்துக்குத் தூக்கம். ஆர்வோவுக்குக் கிடைத்தது, அவர்களோடு ஒப்பிட்டுப் பார்ப்பதற்கான குழு.

"அப்ப நான் என்ன செய்யணும்?" என்று கேட்டார்.

"ஒண்ணும் வேண்டாம். வழக்கம்போல இருங்க. ஒரு வருஷம் கழிச்சு சோதிச்சுப் பார்ப்போம்" என்றார் நர்ஸ் தெர்ஹி.

காரில் திரும்பும்போது ஆர்வோவுக்குத் தலைகால் புரியவில்லை. "கேட்டியா ஹில்க்கா? அறிவியலுக்காக நான் படுத்துக் கிடக்கணுமாம்."

"இத்தன வருஷம் எதுக்காகக் கிடந்த?"

"அது பயிற்சி."

இரண்டு மாதம் ராஜபோகமாகப் போயிற்று. பிறகு சனிக்கிழமைச் சீட்டாட்டத்தில் இடி விழுந்தது. இருபது வருடமாக அவரிடம் தோற்றுக்கொண்டிருந்த ஹில்க்கா, விழுந்த சீட்டையெல்லாம் நினைவில் வைத்துக்கொள்ளத் தொடங்கினார். "ஸ்பேடு ஒன்பது உன் கைலதான் இருக்கு. சும்மா யோசிக்காம போடு" என்பார். இருக்கவும் இருக்கும். ஆறு சனிக்கிழமை தொடர்ந்து தோற்றார் ஆர்வோ. அது போதாதென்று தாங்கோவில் ஜோடியாக ரைமோ என்றொரு பல் டாக்டர் வேறு வந்து சேர்ந்தார்.

"எழுபத்தொரு வயசு. முதுகு என்னமா நேரா நிக்குது தெரியுமா" என்றார் ஹில்க்கா.

"பல் டாக்டருக்கு ஏது நேர் முதுகு? ஆயுசு பூரா அடுத்தவன் வாய்க்குள்ள குனிஞ்சே நின்னவன்."

"நடந்து நடந்து நிமித்திக்கிட்டாராம்."

மறுநாள் காலை ஹில்க்கா இரண்டு கையிலும் ஊன்றி நடக்கும் நடைக் கம்புகளோடு கிளம்பியதும் ஆர்வோ எழுந்தார். விறகுக் கொட்டகைக்குப் போனார், கொட்டகையைத் தாண்டினார், காட்டுக்குள் நுழைந்தார். பத்தே நிமிடத்தில் மூச்சு வாங்கத் திரும்பினார். அடுத்த நாள் பதினைந்து நிமிடம். நடக்கச் சொன்ன காலத்தில் நாளுக்கு மூன்று சாக்குக் கண்டுபிடித்த மனிதருக்கு, செய்யக்கூடாத காரியம் என்று ஆனதும் ஒரு சாக்கும் வாயில் வரவில்லை. ஹில்க்காவின் ஸ்பானிஷ் புத்தகத்தைக் கழிப்பறையில் வைத்துப் படித்தார். உறைபெட்டியிலிருந்த புளூபெர்ரியைக் கைப்பிடி கைப்பிடியாக அள்ளினார். மனசாட்சியும் கூடவே குத்தியது. ஆயிரம் பேர் கலந்துகொண்ட ஆய்வைத் தன் ஒருவனுடைய கால் கெடுத்துக்கொண்டிருக்கிறதே என்று உண்மையாகவே வருந்தினார். வருந்திக்கொண்டே நடந்தார்.

"விறகு எடுக்க ஒரு மணி நேரமா? மரத்த நட்டு, வளத்து, வெட்டிக் கொண்டு வர்றியா?" என்று ஒருநாள் கேட்டார் ஹில்க்கா. பதில் சொல்ல ஆர்வோ வாயைத் திறந்தபோது, "நாக்க நீட்டு" என்றார்.

நாக்கு கருநீலமாக இருந்தது.

"குடிக்கிறியா? பெர்ரி ஒயினா? கொட்டகைக்குள்ள உக்காந்தா?"

ஆய்வுக்குத் துரோகம் செய்கிறவன் என்பதைவிடக் குடிகாரன் என்பது ஆர்வோவுக்குக் கொஞ்சம் மரியாதையாகப் பட்டது. "ஏதோ கொஞ்சம்" என்றார்.

ஒரு வருடம் முடிந்தது. சோதனைக்குப் போகும்போது ஆர்வோ ஒரு முடிவோடு போனார். பழைய ஆர்வோவாகவே பதில் சொல்லிவிட்டால் ஆய்வு தப்பித்துவிடும். தெர்ஹி பதினைந்து சொற்கள் வாசித்தார். ஆர்வோ மூன்றை மட்டும் திருப்பிச் சொன்னார். கடிகாரம் வரையச் சொன்னார். ஆர்வோ பதினோரு எண்ணோடு நிறுத்திக்கொண்டார். இன்றைக்கு என்ன கிழமை என்றதற்கு நெடுநேரம் ஜன்னலைப் பார்த்தார். பழைய ஆர்வோ இவ்வளவு மோசமில்லை. நடிப்பு கைமீறிப் போனது அவருக்குத் தெரியவில்லை.

தெர்ஹி பேனாவை மெல்லக் கீழே வைத்தார். "உங்க குடியப் பத்தி ஹில்க்கா சொன்னாங்க. பயப்படாதீங்க, நரம்பு டாக்டரக் கூப்பிடறேன். இனிமே நீங்க வண்டி ஓட்டறது நல்லதில்ல. அந்தச் சாவிய இப்படிக் குடுங்க."

சாவி என்றதும் ஆர்வோ நிமிர்ந்து உட்கார்ந்தார். "குடை, படகு, பூனை, ஏணி, உப்பு" என்று தொடங்கிப் பதினைந்தையும் சொன்னார். பிறகு கடைசியிலிருந்து முதலுக்குச் சொன்னார். "போன வருஷம் வாசிச்சதுல ஒன்பது ஞாபகம் இருக்கு. அதுவும் வேணுமா?"

காடு, புளூபெர்ரி, ஸ்பானிஷ் எல்லாம் வெளியே வந்தன. தலை குனிந்து சொல்லி முடித்தார். தெர்ஹி உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினார்.

"வழக்கம்போல இருங்கன்னுதானே சொன்னோம்? நடக்கக் கூடாதுன்னு யார் சொன்னா? உங்க இஷ்டம். நடந்தா எழுதிக் குடுத்துடணும், அவ்வளவுதான். உங்க குழுவுல பாதிப் பேர் நடக்கறாங்க."

"என்ன மாதிரி ஒளிஞ்சா?"

"மத்தவங்க ரோட்டுலதான் நடக்கறாங்க."

ஆர்வோ வெளியே வந்து எல்லாவற்றையும் சொன்னதும் ஹில்க்கா கேட்டார். "அப்ப குடிக்கல?"

"இல்ல."

"எத்தன பை பெர்ரி?"

"ஏழு."

"முட்டி தேயத் தேயப் பொறுக்கினதுய்யா அது" என்றார் ஹில்க்கா. கோபமாகச் சொல்லத்தான் நினைத்தார், சிரிப்பு முந்திக்கொண்டது.

மறுநாள் காலை புது நடைக் கம்புகளைக் கட்டிலோரம் சாய்த்து வைத்து, "வா, போலாம்" என்றார்.

ஆர்வோவுக்குத் துளி ஆசை வரவில்லை. "முழங்கால் வலிக்குது" என்றார். எட்டு மாதத்தில் நடக்காமலிருக்க அவர் சொன்ன முதல் சாக்கு. ஹில்க்கா கதவைச் சாத்திவிட்டுப் போனார். ஆர்வோ ஆசை வரட்டும் என்று கூரையைப் பார்த்துக் காத்திருந்தார். அது வருவதாக இல்லை. ஆனால் ஏழு மணிக்கு, போர்வைக்குள் பாதங்கள் தானாக ஆடத் தொடங்கின. ஏழேகாலுக்குக் காலணி மாட்டியிருந்தார்.

ஏரி வளைவில் ஹில்க்காவைப் பிடித்துவிட்டார்.

"வரலன்ன?"

"நான் வரல. காலுதான் வந்துச்சு. தனியா அனுப்ப மனசில்ல."

"சரி, அத மெதுவா நடக்கச் சொல்லு" என்றார் ஹில்க்கா. "எனக்கு மூச்சு வாங்குது."