ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன்பே சூடு

1

“இன்னைக்கு இன்னும் ஸ்டார்ட்டே பண்ணலைன்னு சொன்னே. அப்புறம் ஏன்டா எஞ்சின் சூடா இருக்கு?”

“காலையில சும்மா ஒரு தடவை ஓட்டிப் பாத்தேன்கா.”

“மாமாகிட்ட சொன்னியா?”

“அவர் எங்க கேட்டாரு?”

நான் கேட்டது இவ்வளவுதான். சைக்கிளைப் பஞ்சர் ஒட்டக் கொடுத்துவிட்டு நின்றபோது பக்கத்துப் பட்டறையிலிருந்து காதில் விழுந்தது. மீதியெல்லாம் என் கைச்சரக்கு.

2

அக்காவுக்கு ஒரு கம்பெனியில் எஞ்சின்களைச் சோதித்துப் பார்க்கும் வேலை கொடுத்தேன். தம்பி புது மாதிரி எஞ்சின் ஒன்று செய்திருக்கிறான். தாய்மாமா ஆற்றில் பயணிகள் படகு ஓட்டுகிறவர். அக்கா தலையாட்டினால் போதும், இன்றைக்கே பழைய எஞ்சினைக் கழற்றிவிட்டு இதை மாட்டிவிடுவார். கரையை விட்டுத் தள்ளிய பிறகு அது கிளம்பாவிட்டால், அத்தனை பேரோடும் படகு நீரோட்டத்தில்—

[முடிக்க மனம் வரவில்லை.]

3

என்ன எஞ்சின்? தண்ணீர் ஊற்றினால் ஓடும் என்றுதான் முதலில் எழுதினேன். அக்கா அந்தப் பக்கத்தை விட்டே எழுந்து போய்விட்டாள். கெஞ்சிக் கூட்டிவந்து, காற்றை உள்ளே விட்டு அடைக்கும் வால்வுக்குப் பதிலாக ஒரு குழாய் சுழலும் என்று மாற்றினேன். குனிந்து எட்டிப் பார்த்தாள்.

“இது நல்லா இருக்குடா. ஆனா ஆறியிருக்கிறப்போ குழாய்க்கும் சிலிண்டர் சுவருக்கும் நடுவுல இடைவெளி விழுமே. காத்து கசிஞ்சா எப்படி ஸ்டார்ட் ஆகும்?”

“எதுக்கெடுத்தாலும் நொட்டை சொல்லு,” என்றான் தம்பி.

“அதுக்குத்தானே எனக்குச் சம்பளம்.”

(அவளுக்குப் புதுசு என்றாலே ஆகாது என்று ஒரு பத்தி எழுதி அடித்துவிட்டேன். அப்படியில்லை. புது எஞ்சின்கள் எத்தனையோ பார்த்தவள். ஓடும்போது எல்லாமே அழகாகத்தான் ஓடின. எப்படிக் கிளம்புகிறது என்பதைத்தான் யாரும் காட்டுவதில்லை. நானும் பாருங்கள், பேச்சைப் பாதியிலிருந்துதான் ஆரம்பித்தேன்.)

4

தம்பியை ஏமாற்றுக்காரனாக்கிப் பார்த்தேன். கதை நகர மறுத்தது. அவன் நிஜமாகவே நம்புகிறான். காலையில் எஞ்சின் கிளம்பக் கொஞ்சம் முரண்டு பிடித்ததாம். எவ்வளவு கொஞ்சம் என்று எனக்கும் சொல்லவில்லை.

மாமா வந்தார். தம்பி சாவியைத் திருப்பினான். உடனே பிடித்துக்கொண்டது. தட்டல் இல்லை, உதறல் இல்லை; அக்கா இப்படியொரு சத்தத்தைக் கேட்டதே கிடையாது. உள்ளே என்னதான் நடக்கிறது என்று பிரித்துப் பார்க்க அவள் கை துறுதுறுத்தது.

“என்னம்மா, மாட்டிடலாமா?” மாமா ஸ்பேனரை எடுத்தேவிட்டார்.

5

ஒரு முடிவு: அக்கா தலையாட்டுகிறாள். படகு பாதி ஆற்றில்—

[வேண்டாம்.]

இன்னொன்று: எஞ்சினை ஆறவைத்து ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கிறார்கள். பிடிக்கவில்லை. தம்பி யார் முகத்தையும் பார்க்காமல்—

[எனக்கு எஞ்சின் தெரியாது. பிடிக்கவில்லை என்று எழுதினாலும் புளுகு, பிடித்தது என்று எழுதினாலும் புளுகு. உங்களில் யாருக்காவது தெரிந்தால் எழுதிக்கொள்ளுங்கள். நான் அக்காவைப் பேசவிட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்கிறேன்.]

அவள் தம்பி பக்கம் திரும்பினாள்.

“ஆஃப் பண்ணிடு. நல்லா ஆறட்டும், நான் இங்கயே உக்காந்திருக்கேன். அப்புறம் மாமா முன்னாடி இன்னொரு தடவை ஸ்டார்ட் பண்ணிக் காட்டுடா, கண்ணா.”