நான்காம் மாடியிலிருந்து ஒரு வாலாட்டி

சூலூர் குளக்கரையில் பறவை பார்க்கப் போன இடத்தில் வழுக்கி விழுந்து சாராவுக்குக் கணுக்கால் முறிந்துவிட்டது. பொங்கல் விடுமுறையில் நண்பர்கள் எல்லாம் பறவைக் கணக்கெடுப்புக்குக் கிளம்பியிருக்க, அவள் மட்டும் மாவுக்கட்டுக் காலை ஸ்டூல் மேல் நீட்டிக்கொண்டு பீளமேட்டு ஃப்ளாட்டின் நான்காம் மாடி பால்கனியில் உட்கார்ந்திருந்தாள். கீழே மூடிக்கிடக்கும் பழைய மில் வளாகம். புளியமர நிழல், சருகு.

அந்தச் சருகில் ஒரு சின்னப் பறவை நடந்தது. பைனாகுலர் உள்ளே இருந்தது. கையிலிருந்த போனில் முழுசாக ஜூம் வைத்து ஒரே ஒரு படம் எடுத்தாள். அதற்குள் பறவை பறந்துவிட்டது. படத்தில் இருந்தது பழுப்பாக ஒரு பொட்டு. அதன் பின்னால் விசிறிபோல விரிந்த ஒரு கலங்கல், அவ்வளவுதான்.

‘கொடிக்கால் வாலாட்டி’ என்று எழுதி கணக்கெடுப்புக்கான வாட்ஸ்அப் குழுவில் போட்டாள். பதிவுகளைச் சரிபார்க்கும் பாலகோபால் உடனே கூப்பிட்டார். வங்கியில் ஓய்வு பெற்றவர். மனம் நோகாமல் மறுக்கத் தெரிந்தவர்.

“ஏனுங்க சாரா, கால் தேவலைங்களா?”

“தேவலைங்க சார். படம் பாத்தீங்களா?”

“பாத்தனுங்க. வாலாட்டின்னு நீங்க சொல்லித்தான் தெரியுது. சாம்பல் வாலாட்டியா இருக்கலாமுங்க. கொடிக்கால் வாலாட்டி காட்டுப் பக்கம் நிக்கறது, பஸ் ஹாரனுக்கு நடுவுல எதுக்குங்க வருது? வெறும் வாலாட்டின்னே போட்டுக்கலாம்.”

“அந்தக் கலங்கலைப் பாருங்க சார். மத்த வாலாட்டியெல்லாம் வாலை மேலயும் கீழயும் ஆட்டும். இது ஒண்ணுதான் பக்கவாட்டுல ஆட்டும். நேர் மேல இருந்து எடுத்ததாலதான் அது விசிறியா விழுந்திருக்குது.”

“பறவையே சட்டுனு திரும்பியிருந்தாலும் அப்படித்தானுங்களே விழும்?”

நியாயமான கேள்வி. சாரா போனை வைத்துவிட்டுக் கணவனைக் கூப்பிட்டாள்.

“ஏனுங்க, வெளக்கமாத்த எடுத்துக்கிட்டுக் கீழ பார்க்கிங்குக்குப் போங்க.”

கிறிஸ்டோ ஐந்து வருடமாக இவளோடு குடித்தனம் நடத்துபவன். எதற்கு என்று கேட்கவில்லை. பார்க்கிங்கில் இருந்த மரத்து நிழலில் குனிந்து நின்று, விளக்குமாற்றை வால் மாதிரிப் பின்னால் பிடித்துக்கொண்டான். அவள் போனில் சொல்லச் சொல்ல மேலும் கீழும் ஆட்டினான். பிறகு இடமும் வலமும். பிறகு ஆளே வெடுக்கென்று திரும்பினான். ஒவ்வொன்றையும் அவள் மேலிருந்து படம் எடுத்தாள். தரைத்தள வீட்டு மாசாணியம்மாள் வெளியே வந்து பார்த்தார்.

“ஏந்தம்பி, எதையாச்சும் தொலைச்சுப்போட்டீங்களா?”

“இல்லீங்கக்கா. நான் இப்பக் குருவிங்க.”

அந்த அம்மாள் மேலே பார்த்தார். சாரா கையசைத்ததும் ஏதோ புரிந்ததுபோலத் தலையாட்டிவிட்டு உள்ளே போய்விட்டார்.

படங்கள் தெளிவாகவே சொல்லின. மேலும் கீழும் ஆட்டியபோது விசிறி விழவில்லை. ஆள் திரும்பியபோது தலையும் சேர்ந்து கலங்கியது. பக்கவாட்டில் ஆட்டியபோது மட்டும் தலை கலங்காமல் நின்றது, வால் விரிந்தது. அவளுடைய பறவைக்கும் தலை நின்றுதான் இருந்தது. எல்லாவற்றையும் பாலகோபாலுக்கு அனுப்பினாள்.

‘காலையில வாரேன்’ என்று மட்டும் பதில் வந்தது.

மறுநாள் விடிந்ததும் அவர் மில் காவலாளியிடம் அனுமதி கேட்டுப் புளியமரத்தடிக்குப் போனார். சாரா மேலிருந்து பைனாகுலரில் பார்த்துக்கொண்டே இருந்தாள். பறவை அதுதான் என்பதில் அவளுக்குச் சந்தேகம் இல்லை. அங்கேயே இருக்க வேண்டுமே என்பதுதான் கவலை. வெகுநேரம் அவர் அசையாமல் நின்றார். பிறகு அவள் போன் அடித்தது.

“நெஞ்சுல ரெண்டு கறுப்புப் பட்டைங்க,” கிசுகிசுப்பாகச் சொன்னார். “நீங்க சொன்னதேதான். ஆனா ஒண்ணில்லைங்க சாரா, ரெண்டு இருக்குது!”

சாரா துள்ளி எழப்போய், கட்டு நினைவுக்கு வந்து மறுபடி உட்கார்ந்தாள். கிறிஸ்டோவைக் கூப்பிட்ட சத்தம் தரைத்தளம்வரை கேட்டிருக்கும்.

பாலகோபால் காப்பி குடிக்க மேலே வந்தார். அவர் கேமராவில் எடுத்திருந்த படத்தில் ஒவ்வொரு இறகையும் எண்ணலாம்போலத் தெரிந்தது.

“பதிவுக்கு இதையே போட்டரலாமுங்களா?”

“போடுங்க சார்,” என்றாள் சாரா. “ஆனா என்னோடதுதான் முதல்ல வரணும்.”

அவர் மறுக்கவில்லை.